காதர் பாய் கடைப் பலகை

அன்று காலை எங்கள் படகு வயர்லெஸ் பட்டறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சூப்பர்வைசர் தாமோதரன் சார். திருச்சிக்காரர். கையில் பூதக்கண்ணாடி.

போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் ரேடியோ கடை வைத்திருந்த காதர் பாய். மடியில் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பலகை.

நம்பர் நாலு படகின் செராங், அதாவது படகை நடத்துகிறவர், ஜெரோம். என் மனைவி பிலோமினாவின் அண்ணன்.

வயர்லெஸ் ஆபரேட்டர் ராவ். தெலுங்கர். எங்களோடு பாதித் தமிழ், பாதி இந்தி.

மெக்கானிக் சூசை. நான்தான்.

ஐந்து பேர்.

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து ஷர்மிளா போன் செய்தாள். நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். வயர்லெஸ் பெட்டி இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது.

"அங்கிள், மதர்போர்டு போயிடுச்சு. கம்பெனி போர்டு மெயின்லேண்ட்ல இருந்து வர நாளாகும். இங்க கடையில சீப்பா ஒண்ணு கிடைக்குது. வாங்கலாமா?"

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா."

"போர்டு தெரியும்ல? சும்மா சொல்லுங்க."

சும்மா சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். போனில் அவ்வளவு பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா படகு கட்டும் தச்சர். ஐம்பதுகளில் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு சரி. பட்டறையில் பேட்டரி சுமக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு வருடம் சுமந்தேன். ஏழாவது வருடம் தாமோதரன் சார் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் இரும்பைக் கையில் கொடுத்தார். படிப்பு அவ்வளவுதான்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எதையும் நாக்கில் வைத்துப் பார்ப்பார். சின்ன பேட்டரியின் இரண்டு முனையையும் நாக்கில் தொட்டு, "இது இன்னும் பத்து நாள் வரும்" என்பார். வரும். கம்பியில் ஒட்டியிருக்கிற பச்சையைச் சுரண்டி நாக்கில் வைத்து, நனைத்தது மழையா கடலா என்று சொல்வார். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் பூதக்கண்ணாடியை வேட்டி நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம்.

பட்டறை டீயைக் குடிக்கவே மாட்டார். மேட்டிலிருக்கிற டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து அலுமினியத் தூக்கில் தண்ணீர் கொண்டுவருவார். ஜெரோம் விடமாட்டான்.

"என்ன சார், எங்க டீ எறங்காதோ?"

"இதுக்குப் பேரு டீயா? கருவாடு ஊறவச்ச தண்ணியில சர்க்கரை போட்டிருக்கீங்க."

"சார் மேட்டுத் தண்ணி ஆளு. நாம கரைத் தண்ணி ஆளுங்க, மாப்ள" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். அந்த டீயில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

இனி அந்தப் பலகை.

எழுபதுகளின் நடுப்பகுதி. மே மாதத் தொடக்கம். மழை இன்னும் இறங்கவில்லை. நம்பர் நாலு படகு வடக்கே திக்லிபூருக்கு அரிசி, மண்ணெண்ணெய், தபால், ஆட்கள் எல்லாம் ஏற்றிப் போகும். அப்போது அங்கே போக ரோடு கிடையாது. கடல்தான் வழி. அந்தப் படகின் வயர்லெஸ் பெட்டிக்குள் பெரிய பலகை எரிந்துபோய்விட்டது. எல்லாச் சாமானும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஷர்மிளா மதர்போர்டு என்கிறாளே, அது மாதிரி. அது செத்தால் பெட்டி செத்தது.

கம்பெனிப் பலகை முன்னூற்றுப் பத்து ரூபாய். கல்கத்தாக் கப்பலில் வர இரண்டு மாதம். வயர்லெஸ் இல்லாமல் படகு துறையை விட்டுக் கிளம்பக் கூடாது. வடக்கே அரிசி தீர்ந்துகொண்டிருந்தது.

காதர் பாய் பேப்பரைப் பிரித்தார்.

"மெட்ராஸ்ல ஒரு ஆளு வீட்டுலயே செய்றான். அளவு அச்சு அசல். எழுபது ரூபா. சூசை தம்பி இருக்குற எடம், அறுபத்தஞ்சு."

"அந்த வெலைக்குப் படகையும் சேத்துக் குடுப்பியளா பாய்?" என்றான் ஜெரோம்.

"படகு வேணும்னா ஒரு வாரம் முன்னாடி சொல்லணும்."

ராவ் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. பலகையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கம்பெனிப் பலகையில் வெளிச்சம் புகாது. இதில் மஞ்சளாகத் தெரிந்தது. இரண்டு கையாலும் லேசாக வளைத்தார். வளைந்தது. பிறகு கண்ணாடியை வைத்து ஈயம் வைத்த ஒவ்வொரு முனையாகப் பார்த்தார். கால் மணி நேரம் ஆனது.

என்னிடம் கண்ணாடியைக் கொடுத்தார். ஈயம் நன்றாகப் பிடித்தால் பளபளவென்று இருக்கும். இது சாம்பல் மாதிரி இருந்தது. சில முனைகளில் ஈயம் மேலே உட்கார்ந்திருந்தது, ஒட்டவில்லை.

"வாங்கலாமா சார்?" என்றான் ஜெரோம். இந்தத் தடவை விளையாட்டாகக் கேட்கவில்லை. "போறது நானுல்லா."

"பலகை மெலிசு. மேல இருக்கற சாமான் நல்ல சாமான். பத்தவச்சவன் அவசரக்காரன். வாங்கலாம். ஆனா இப்ப வாங்கறது பாதிதான். மீதிப் பாதியை சூசை செய்யணும்."

"எல்லா முனையுமா சார்?" என்றேன்.

"எல்லா முனையும்."

ஜெரோம் என் தோளில் தட்டினான். "மாப்ள, பாத்துப் பத்த வையி. ஒம் பொஞ்சாதி என்னைய வச்சுத்தான் ஒன்னைய மன்னிச்சுக்கிட்டிருக்கா."

இருநூற்றுப் பன்னிரண்டு முனை. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். இரண்டு பகல் ஆனது. மெலிந்த பலகை என்பதால் சூடு அதிகம் காட்டக் கூடாது. மூன்று எண்ணுவதற்குள் இரும்பை எடுத்துவிட வேண்டும். நாலு எண்ணினால் செம்பு உரிந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று, எடு. சார் பத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாமல் போனால் சரி என்று அர்த்தம்.

பற்றவைத்தபின் முறை ஒன்று உண்டு. முதலில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அடுத்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஒரு நாள் மரப்பெட்டிக்குள் குண்டு பல்பு போட்டுக் காயவைக்க வேண்டும். பிறகு இரண்டு கை வார்னிஷ். இங்கே காற்றே உப்பு. வார்னிஷ் இல்லாத பலகை ஆறு மாதம் தாங்காது. கடைசியாகச் சாக்குப் போடுவோம். கடல் தண்ணீரில் நனைத்த சாக்கால் பெட்டியை மூடி, ஒரு பகல் முழுக்க ஓடவிடுவோம். சத்தம் வராமல் ஓடினால் பெட்டி பாஸ்.

அலசுவதற்குப் பட்டறை வாசலில் மழைத் தண்ணீர் டிரம் இருந்தது. போய்ப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. அடியில் நாலு விரல் சேறு. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். அன்று முறை இல்லை. காம்பவுண்டுக்குள் கிணறு இருந்தது. கடலுக்கு ஐம்பது காலடி தூரம். டீ போடுவது அதில்தான். நாங்கள் குடிப்பதும் அதுதான். ஒரு வாளி இறைத்தேன். சார் செய்வதைப் பார்த்துப் பழகியவன் நான். ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. பலகையை அலசினேன்.

காயவைத்தேன். வார்னிஷ் பூசினேன். சாக்குப் போட்டேன். ஒரு பகல் ஓடியது. ஒரு கரகரப்பும் இல்லை. சார் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, பெட்டியை மூடச் சொன்னார்.

நம்பர் நாலு கிளம்பியபோது படகில் ஆட்கள் ஐந்து, பயணிகள் பதினெட்டு. இருபத்து மூன்று பேர். நானே துறையில் நின்று பெட்டியைப் பொருத்தினேன். இஞ்சின் பார்க்கிற நாராயண் ராஞ்சிப் பக்கத்து ஆள். எனக்கு ஒரு பீடி கொடுத்தார்.

படகு ஒரு நாளைக்கு மூன்று தடவை பேச வேண்டும். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. கேட்கிற அறை டெலானிபூர் மேட்டில் இருந்தது. முதல் நாள் பகலும் மாலையும் ஜெரோம் பேசினான். "மாப்ளகிட்ட சொல்லும், பெட்டி கிளி மாதிரி பேசுது" என்று ராவிடம் சொன்னானாம்.

இரண்டாம் நாள் காலை பேசினான். பகலில் ராவ் எனக்கு ஆள் அனுப்பினார். ஓடிப் போனேன். ஜெரோமின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. இடையிடையே அறுந்தது. 'மாயாபந்தர்' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. திக்லிபூர் போகிற வழியில் இருக்கிற ஊர். பிறகு இரைச்சல்.

நாலு மணிக்கு வானிலைச் செய்தி வந்தது. கடலில் புயல் சின்னம். எல்லாப் படகும் ஒதுங்க வேண்டும். ராவ் ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டார். ஒவ்வொன்றும் பதில் சொன்னது.

"நாலு நம்பர், நாலு நம்பர். ஜவாப் தோ. பதில் சொல்லு."

இரைச்சல்.

"நாலு நம்பர். மௌசம் கராப், காத்து மோசம். கரைக்குப் போ. ஜவாப் தோ."

மாலை ஆறு மணிக்கும் பதில் இல்லை. ராவ் காதிலிருந்து கருவியை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை ஆறு. இல்லை. காற்று ஏறிவிட்டது. துறைமுகத்தில் தண்ணீர் சாம்பல் நிறம். பகல் பன்னிரண்டு. இல்லை. மழை கொட்ட ஆரம்பித்தது. தேடப் போகிற படகும் அந்தக் காற்றில் கிளம்ப முடியாது என்றார்கள்.

பட்டறை வாசலில் பிலோமினா நின்றிருந்தாள். நனைந்திருந்தாள்.

"அண்ணன் பேசிச்சா?"

"இல்ல."

"பஜார்ல சொல்லுதாவ. சல்லிசாக் கெடச்ச சாமானைப் போட்டு அனுப்பிட்டியளாமே."

நான் உள்ளே வரச் சொன்னேன். அவள் நகரவில்லை.

"சார் வாங்கச் சொன்னாரா, நீங்க சொன்னியளா?"

"சார் வாங்கச் சொன்னாரு. வேலை செஞ்சது நானு."

"நீங்க செஞ்சது சரியா?"

"சரிதான்னு நெனைக்கேன்."

"நெனைக்கியளா?" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள்.

உள்ளே சார் உட்கார்ந்திருந்தார். "சாக்குப் போட்டப்ப ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"இல்ல சார்."

கண்ணாடியை எடுத்தார். துடைத்தார். வைத்தார். மறுபடி எடுத்துத் துடைத்தார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு முனையையும் மனதுக்குள் முதலிலிருந்து பற்றவைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, எடு. எந்த முனையில் நாலு எண்ணினேன்? எதில் அவசரப்பட்டேன்? கடைசி வரை போய்விட்டுத் திரும்ப முதலில் இருந்து வந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

காதர் பாய் கடையைச் சாத்திவிட்டு மழையில் வந்தார்.

"சூசை தம்பி. என் பலகைதானா?"

"தெரியல பாய்."

"கடை வாசல்ல வந்து ஒருத்தன் காறித் துப்பிட்டுப் போறான். துப்பட்டும். நாலுல போனவங்க வந்தாப் போதும்." வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

நாலாம் நாளும் அப்படியே போனது. மூன்று நேரமும் இல்லை. மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி பஜாரில் பலகை வாங்கக் கூடாது, நடந்ததற்கு அறிக்கை வேண்டும் என்று. சார் படித்துவிட்டு மேசை டிராயருக்குள் வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை மழை விட்டது. மறுநாள் பத்து மணிக்கு நம்பர் நாலு துறைக்குள் வந்தது.

படகிலிருந்து இறங்கும் மரப்படியின் ஓரத்தில் நின்று எண்ணினேன். இருபத்து மூன்று. ஜெரோம் கடைசியில் இறங்கினான். கண் சிவந்திருந்தது. செய்தி எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. அலை வருகிற விதத்தைப் பார்த்துவிட்டு, மாயாபந்தருக்குத் தெற்கே சதுப்பு மரங்களுக்கு நடுவே ஓர் ஓடைக்குள் படகை விட்டு, மரங்களில் கட்டிப்போட்டுக் கிடந்திருக்கிறான்.

இருபத்து மூன்று பேரில் ஒருவரைத் தூக்கி இறக்கினார்கள். நாராயண். கட்டும்போது கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் கை மாட்டியிருக்கிறது. வயர்லெஸ் பேசியிருந்தால் மாயாபந்தரிலிருந்து டாக்டரை ஓடை வாய்க்கு வரச் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் துணி சுற்றிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

பெட்டியை நான் சுமந்து வந்தேன். பட்டறையில் அதே ஐந்து பேர். சார், காதர் பாய், ஜெரோம், ராவ், நான். ஜெரோம் கையில் டீ கிளாஸ். காதர் பாய் இன்னும் வாசலில்தான்.

சார் மூடியைத் திறந்தார். பலகையை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியை வைத்தார். முனைகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒன்றுகூட விடவில்லை. வார்னிஷும் உரியவில்லை. ஆனால் வார்னிஷுக்குக் கீழே செம்புக் கோடுகளின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஓர் இடத்தில் இல்லை, எல்லா இடத்திலும்.

"சீப் மால். கதம், போச்சு" என்றார் ராவ்.

காதர் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

சார் பிளேடை எடுத்தார். வார்னிஷை ஓர் ஓரத்தில் கீறி, கீழே இருந்ததைச் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"சூசை. எந்தத் தண்ணியில அலசினே?"

வாசலில் டிரம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. இரண்டு நாள் மழை. அது காய்ந்து கிடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். டிரம் தண்ணீர் என்று சொன்னால் முடிந்தது. பலகை கெட்ட பலகை. காதர் பாய் கெட்ட வியாபாரி. எல்லாரும் ஏற்கனவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கிணத்துத் தண்ணி சார்."

ஜெரோம் கிளாஸைக் கீழே வைத்தான். "அது நல்ல தண்ணியில்லா?" என்றான். என்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான்.

"குடிச்சுப் பாத்துட்டுத்தான் அலசினேன் சார்" என்றேன்.

சார் தன் தூக்கை எடுத்து மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். "இதைக் குடி. வாயில வச்சிரு. முழுங்கு. இப்ப அந்த டீயைக் குடி."

குடித்தேன். ஜெரோமின் டீதான். உப்பு.

பிறந்ததிலிருந்து கரைத் தண்ணீர்தான் குடிக்கிறேன். என் நாக்குக்கு அது உப்பு இல்லை. பலகைக்கு உப்பு. காய்ந்தபோது தண்ணீர் போயிற்று, உப்பு இருந்தது. அதன்மேல் இரண்டு கை வார்னிஷ் பூசி உள்ளேயே அடைத்துவிட்டேன். ஒரு பகல் சாக்குக்குத் தாங்கியது. இரண்டு நாள் கடல் ஈரத்துக்குத் தாங்கவில்லை. கம்பெனிப் பலகையாக இருந்தாலும் அதே கதிதான்.

சார் கண்ணாடியைத் துடைப்பார் என்று பார்த்தேன். துடைக்கவில்லை. பேப்பர் எடுத்து அறிக்கை எழுதினார். எழுதி முடித்துப் படித்தார்.

"பலகையில் குறை இல்லை. கழுவிய தண்ணீரில் குறை. கழுவியவர் மெக்கானிக் சூசை. ஒரு பகல் சோதனை போதாது என்று தெரியாமல் பாஸ் செய்தவர் சூப்பர்வைசர் தாமோதரன்."

கையெழுத்துப் போட்டார். நானும் கீழே போட்டேன்.

காதர் பாய் அப்போதுதான் உள்ளே வந்தார். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "பஜார்ல நான் சொல்லிக்கிறட்டுமா தம்பி?"

"சொல்லுங்க பாய்."

சொன்னார். அடுத்த வாரம் பஜாரில் என்னைப் பார்த்துத் துப்பினார்கள். காதர் பாய் கடையில் மறுபடி ஆள் ஏறியது.

ஜெரோம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து, "மாப்ள, டீ குடு. ஒங்க கெணத்துத் தண்ணி வேண்டாம்" என்றான். பிலோமினா சிரித்துவிட்டாள். நான் டீ போட எழுந்தேன்.

நாராயணைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எனக்குப் பீடி கொடுத்ததில்லை. துறையில் பார்த்தால் தலையை அசைப்பார். அவ்வளவுதான். அவர் கை இஞ்சின் பக்கம் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

எனக்கு ஒரு வருடம் சம்பள உயர்வு நிறுத்தினார்கள். அது சரி.

முறை மாறியது. டிரம்முக்குப் பூட்டு வந்தது, சாவி சாரிடம். டிரம் காய்ந்தால் டெலானிபூரிலிருந்து தண்ணீர் வரும். அலசுவதற்கு முன் சார் நாக்கில் வைத்துப் பார்ப்பார். என்னைப் பார்க்க விடமாட்டார். சாக்கு ஒரு பகல் இல்லை, நாலு நாள். அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது கண்ணாடியை எனக்குக் கொடுத்தார். சாவியைக் கொடுக்கவில்லை. புதிதாக வந்த ஒரு மேட்டுத் தண்ணி ஆளிடம் கொடுத்தார். அதுவும் சரி.

பஜாரில் வாங்கக் கூடாது என்ற கடிதத்தை அறிக்கையைப் பார்த்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஷர்மிளா, வாங்கலாமா என்று கேட்டாயே. வெளிச்சத்தில் பிடித்துப் பார். மேலே இருக்கிற சாமான் நல்லதா என்று பார். மீதிப் பாதி வேலையைச் செய்ய உன்னிடம் ஆளும் நாளும் இருந்தால் வாங்கு. இல்லாவிட்டால் கப்பலுக்குக் காத்திரு. கணக்கு வேண்டும் என்றால் இதுதான். அந்த முதல் பலகையோடு சேர்த்து, நான் வேலையை விடும் வரை காதர் பாய் கடையில் வாங்கிப் பொருத்திய பலகைகள் அறுபத்து நான்கு. கெட்டுத் திரும்பியது ஒன்று.